நோயாளி பார்க்கும் வேலைக்கு வெளிநாடு போகும் முன்

வயதானவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மலையகத்திலிருந்து ஒரு பெண் போய் இறங்கினால், அந்த வீட்டார் அவரை முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது பிலிப்பைன்ஸ் பெண்ணோடுதான். இஸ்ரேல், இத்தாலி, கனடா, வளைகுடா என்று போன இடமெல்லாம் இந்த வேலையில் பெயர் எடுத்தவர்கள் அவர்கள். ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை அந்த நாட்டு அரசு 1974ஆம் ஆண்டின் தொழிற்சட்டத்திலிருந்தே ஒழுங்குபடுத்தி வருகிறது. டெஸ்டா என்ற அரச பயிற்சி அமைப்பு பராமரிப்பு வேலைக்கென்றே தனிச் சான்றிதழ் கொடுக்கிறது. அதனால் அங்கிருந்து வருகிறவர்களில் பலர் புரட்ட, தூக்க, ஊட்ட, குளிப்பாட்டத் தெரிந்துகொண்டே வருகிறார்கள்.

அவர்களிடம் பார்த்துப் பழக வேண்டியது இன்னொன்றும் உண்டு. பிள்ளைகளைப் பாட்டியிடமோ சித்தியிடமோ ஒப்படைத்து, பணம் அனுப்ப ஒரு நாள் குறித்து, பூசைக்குப் போக வார விடுமுறையைப் பேசி வாங்கி, வருடக்கணக்கில் குடும்பத்தையும் கோயிலையும் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். இவை அங்கே போனபிறகு தானாக அமைவதில்லை. கை வேலையை ஊரில் பழகுங்கள், வீட்டையும் வழிபாட்டையும் புறப்படும் முன்னே ஒழுங்கு செய்யுங்கள். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவருக்கு முதல் இரண்டு மாதத்திலேயே நோயாளி உடம்பில் புண், தன் இடுப்பில் பிடிப்பு, வீட்டில் பணச் சண்டை மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும்.

காகிதங்கள்

தோட்டத்துப் பெண்களுக்குப் பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பள்ளிக்கூடப் பதிவில் மூன்றாவது எழுத்து. தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் காட்டித் திருத்துங்கள். கடவுச்சீட்டு எடுத்தபிறகு திருத்தப் போனால் பயிற்சிச் சான்றிதழ், விசா, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் மறுபடி தொட வேண்டிவரும். கடவுச்சீட்டுக்குக் கொழும்புப் பக்கம்தான் போக வேண்டும் என்றில்லை, கண்டியிலும் குடிவரவுத் திணைக்களத்தின் கிளை இருக்கிறது.

பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று பிரதேச செயலகத்தில் கேட்பார்கள். கைக்குழந்தை உள்ள தாய்மாருக்குத் தனி விதி உண்டு. இந்த விதிகள் மாறிக்கொண்டே வந்தவை. அதனால் ஏஜென்சிக்காரர் சொல்வதை நம்பிக் காசு கட்டுவதற்கு முன், செயலகத்தில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் நேரில் கேளுங்கள்.

ஏஜென்சியின் அனுமதிப்பத்திர எண்ணை வாங்கி, அது இன்றைக்கும் செல்லுபடியானதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989. பணியகத்தில் பதியாமல் சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே மாற்றித் தருகிறோம் என்று யார் சொன்னாலும், சொந்தக்காரரே சொன்னாலும், போகாதீர்கள். அப்படிப் போனவருக்கு சம்பளம் நிறுத்தப்பட்டால் காட்டுவதற்கு ஒப்பந்தம் இல்லை, காப்புறுதி இல்லை, தூதரகத்தில் பதிவும் இல்லை.

ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்: எந்த நாணயத்தில் எவ்வளவு சம்பளம், வாரத்தில் எந்த நாள் எத்தனை மணித்தியாலம் விடுமுறை, நோயாளி ஒருவரா இருவரா, சமையலும் வீடு கழுவலும் உங்கள் வேலையா, படுக்க இடம் எங்கே. இஸ்ரேலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். அங்கே வேலை விசாவுக்குப் பொதுவான உச்சவரம்பு 63 மாதம். கடனும் வீடு கட்டும் கணக்கும் அந்தக் காலத்துக்குள் அடங்க வேண்டும். ஒப்பந்தம், கடவுச்சீட்டு, விசா மூன்றையும் படம் பிடித்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

கை வேலை

வகுப்பில் பொம்மையை வைத்துக் காட்டுவார்கள். பொம்மைக்குப் பாரம் இல்லை, பயமும் இல்லை. அதனால் வீட்டில் மதினியையோ தங்கச்சியையோ கட்டிலில் படுக்கவைத்து, கை கால் அசைக்காமல் இருக்கச் சொல்லிப் பழகுங்கள். மூன்று தலையணை, ஒரு பழைய படுக்கை விரிப்பு, ஒரு துவாய், ஒரு பேசின் போதும். பிறகு நீங்கள் படுங்கள், மற்றவர் உங்களைப் புரட்டி ஊட்டட்டும். அசையாமல் அரை மணித்தியாலம் கிடந்து பார்த்தால் எந்த எலும்பில் முதலில் வலிக்கும் என்று உடம்பே சொல்லிக்கொடுக்கும்.

புரட்டுவதுதான் இந்த வேலையின் அடித்தளம். தானாக அசைய முடியாதவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும்: இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். எந்தப் பக்கம் புரட்டுகிறீர்களோ அந்தப் பக்கம் நில்லுங்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கம் உள்ள அவருடைய கையை எடுத்து மார்புமேல் வையுங்கள். அதே பக்கத்து முழங்காலை மடக்குங்கள். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். "இப்போது திருப்பப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு உங்கள் பக்கம் உருட்டுங்கள். முழுப் பக்கமாகச் சாய்க்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து ஏறத்தாழ 30 பாகை சரிவில் நிறுத்துங்கள். முழுக்கச் சாய்த்தால் பாரமெல்லாம் இடுப்பெலும்பின் முனையில் இறங்கிவிடும். இரண்டாவது தலையணை முழங்கால்களுக்கு நடுவில். மூன்றாவது கெண்டைக்காலின் கீழ், குதிகால் மெத்தையைத் தொடாதபடி.

கட்டிலின் கீழ்ப்பக்கம் சரிந்துவிட்டவரை அக்குளில் பிடித்து இழுப்பது எல்லோரும் செய்யும் தவறு. தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே சதை நகர்கிறது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே புண் ஆரம்பிப்பது இப்படித்தான். படுக்கை விரிப்பை மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் எட்டும்படி அவருக்குக் கீழே எப்போதும் போட்டு வையுங்கள். இருவர் இரு பக்கமும் அதைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்தலாம். தனியாக இருந்தால், முடிந்தவரிடம் முழங்காலை மடக்கி உந்தச் சொல்லி, அவர் உந்தும் அதே நொடியில் விரிப்பை இழுங்கள். சாப்பாட்டு நேரம் தவிர தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தி வைத்தாலும் இதே சரிவுதான் நடக்கும்.

ஒவ்வொரு முறை புரட்டும்போதும் வால் எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை, தோள்பட்டை, காது, பின்தலை என்று பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். வெளிறிப் போய் மறுபடி சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. வெளிறாமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, அங்கே சூட்டையும் கடினத்தையும் நிறம் இருண்டிருப்பதையும் புறங்கையால் தொட்டும் பார்த்தும் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். பாசத்தோடு செய்கிற வேலைதான், ஆனால் ஏற்கெனவே நசுங்கிய சதையைத் தேய்ப்பு இன்னும் கிழிக்கும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது சுற்றிவர இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. ரெக்சின் நேரடியாகத் தோலில் படக் கூடாது. நனைந்த பம்பர்ஸை விடியும்வரை விட்டுவைக்கவும் கூடாது.

கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது முதலில் சக்கர நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் போடுங்கள், கால் தட்டுகளை மடக்குங்கள். நாற்காலி அவருடைய பலமுள்ள பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக நிற்க வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து ஓரிரு நிமிடம் விடுங்கள். இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழுவார்கள். வழுக்காத செருப்பு, இரண்டு பாதமும் தரையில், மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னே குனியச் சொல்லுங்கள். குனிந்தால்தான் இடுப்பு எழும். இடுப்புப் பட்டியைப் பிடியுங்கள், அக்குளில் பிடிக்காதீர்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும். நடுவழியில் கால் துவண்டால் தாங்கி நிறுத்தப் பார்க்க வேண்டாம். உங்கள் உடம்போடு சாய்த்து மெதுவாகத் தரைக்கு இறக்குங்கள். கீழே இறங்கியவரை மறுபடி எழுப்பலாம், உங்கள் முதுகு போனால் இரண்டு பேருக்கும் ஆள் தேவை.

உணவு ஊட்டும்போது நேராக உட்காரவைத்து, தாடை கொஞ்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். தலையை அண்ணாந்து கோப்பையைக் கவிழ்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அது மூச்சுக்குழாயைத் திறந்துவிடுகிறது. ஒரு தேக்கரண்டி, விழுங்கினாரா என்று தொண்டையைப் பாருங்கள், பிறகு அடுத்தது. பக்கவாதம் என்றால் பலமுள்ள கன்னத்துப் பக்கம் வையுங்கள், முடிந்தபின் மற்றக் கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கஞ்சியைவிடத் தண்ணீரும் தேத்தண்ணியும்தான் ஆபத்து, நீர்த்தது வேகமாக ஓடும். ஊட்டும்போது இருமல் வந்தாலும், குரல் ஈரமாகக் களகளவென்று மாறினாலும் உடனே நிறுத்துங்கள், வீட்டாருக்கும் மருத்துவருக்கும் சொல்லுங்கள். சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் படுக்கவைக்க வேண்டாம்.

குளிப்பாட்டும் தண்ணீரின் சூட்டை முழங்கை மடிப்பில் பாருங்கள். கொழுந்து எடுத்து மரத்த விரல் சூட்டைச் சரியாகச் சொல்லாது. கண்ணைச் சவர்க்காரம் இல்லாமல் மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே துடையுங்கள், பிறகு முகம், கை, மார்பு, வயிறு, கால், முதுகு. மறைவிடம் கடைசியில், வேறு துணி, வேறு தண்ணீர். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக மட்டும். கழுவுகிற இடம் மட்டும் திறந்திருக்கட்டும், மற்றதெல்லாம் துவாயின் கீழே. உடுத்தும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில்.

ஊரிலேயே அப்பாயியையோ அம்மாயியையோ பார்த்துப் பழகுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. குளிருக்காக லயக் காம்பராவின் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு உள்ளே கரி அடுப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். நீரிழிவில் கால் மரத்தவருக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தால் வெந்து கொப்புளித்த பிறகுதான் தெரியவரும். கம்பளியும் காலுறையும் போதும். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை கீழே விழுந்தால், பேச்சுக் குழறினால் கசாயம் வைக்க நேரமில்லை. 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்துக்கு வண்டி ஏறாவிட்டால் எந்தச் சந்தியில் நிற்போம் என்று முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள்.

நீரிழிவுக்காரர் திடீரென்று வேர்த்து, நடுங்கி, குழம்பிப் பேசினால் சீனி குறைந்திருக்கலாம். சோதித்துப் பார்த்து இரத்தத்தில் சீனி 70க்குக் (mg/dL அளவில்) கீழே இருந்தால், அல்லது சோதிக்க வழியில்லாவிட்டால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஒரு கொப்பி வையுங்கள். நல்ல பராமரிப்பாளரை அடையாளம் காட்டுவது அதுதான், வீட்டாரோடு தகராறு வந்தால் உங்களைக் காப்பாற்றுவதும் அதுதான். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

காலை 6.10. வலது பக்கம் புரட்டியது. சிறுநீர் 250 மில்லி, கடும் மஞ்சள்.
7.00. கஞ்சி அரைக் கோப்பை, இருமல் இல்லை. பிரஷர் மாத்திரை 1.
8.15. மல்லாக்க. இடது குதிகால் சிவப்பு, அழுத்தினால் வெளிறுகிறது. தலையணை மாற்றியது.
மலம் இல்லை, இரண்டாம் நாள்.

அந்தக் கடைசி வரி மூன்றாம் நாளாக மாறினால் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். சிறுநீர்க் குழாய் போட்டவர் என்றால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். புரட்டும்போது பையைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு மறந்தால் பழைய சிறுநீர் உள்ளே திரும்பி ஓடிக் கிருமி பரவும்.

மொழிக்கு இலக்கணம் தேவையில்லை. வலி, தண்ணீர், கழிப்பறை, மயக்கம், குளிர் என்ற ஐந்தும் நாக்கில் நிற்க வேண்டும். எபிரேயத்தில் வலிக்கிறது என்பதற்கு கோஏவ், தண்ணீருக்கு மாயிம். அரபியில் வஜா, மோயா. மற்றதற்கு ஆங்கிலம் ஓடும், பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ் அக்காவிடம் பேசவும் அதுதான் வழி. அவர்களைப் போட்டிக்காரராகப் பார்க்க வேண்டாம். எந்த மருந்துக்கடை இரவில் திறந்திருக்கும், எந்த பஸ் கோயிலுக்குப் போகும், எந்த ஆட்களை நம்பக் கூடாது என்பதெல்லாம் பெரும்பாலும் அவர்கள் வாயிலாகத்தான் கிடைக்கும்.

வீட்டை ஒப்படைத்தல்

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பெரியவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அம்மாயி, சித்தி, அப்பா மூவரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் காய்ச்சல் வரும் இரவில் மூவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். யார் பொறுப்பு என்று எழுதி, அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் அதிபருக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் அறிமுகம் செய்யுங்கள். கிளினிக் அட்டை, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம் ஒரே பையில் அவரிடம் இருக்கட்டும். வயதுக்கு வரும் பருவத்தில் மகள் இருந்தால் அவள் எந்த வீட்டில், யார் பக்கத்தில் படுப்பாள் என்பதை வெட்கப்படாமல் பேசி முடிவெடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இதை ஊகத்துக்கு விடக் கூடாது.

குடிக்கிற கையில் பணம் போகக் கூடாது. புருஷனாக இருந்தாலும், அண்ணனாக இருந்தாலும். வீட்டுச் செலவுக் கணக்கு பிள்ளைகளைப் பார்க்கிறவர் பெயரில் இருக்கட்டும். உங்கள் சேமிப்புக் கணக்கு உங்கள் தனிப்பெயரில், அட்டை உங்கள் கையில். மாதம் ஒரே தேதியில் அனுப்புங்கள். தேதி நிலையாக இருந்தால் வீட்டில் கடன் சொல்லி வாங்குவது குறையும். கேட்கும்போதெல்லாம் அனுப்பினால் கேட்பது பெருகும். முதல் மாதங்களின் சம்பளம் பயணக் கடனுக்குத்தான் போகும் என்பதைப் புறப்படும் முன்பே எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். அதற்குப்பின், திரும்பிவரும் டிக்கெட்டுக்கான தொகை சேரும்வரை சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை யாருக்கும் சொல்லாமல் ஒதுக்குங்கள். நோயாளி இறந்தாலும், வீட்டார் கை ஓங்கினாலும் அந்தப் பணம்தான் உங்களை வெளியே கொண்டுவரும்.

வங்கியில் போடாமல் ஆள் மூலம் கைமாற்றும் உண்டியலில் அனுப்பினால் சில நாள் விலை கூடக் கிடைக்கும். ஆனால் பணம் வராவிட்டால் கேட்க இடமில்லை, வங்கியில் வீட்டுக்கடன் கேட்கும் நாளில் காட்ட ரசீதும் இல்லை. ஊரில் நடக்கும் சீட்டில் வெளிநாட்டிலிருந்து சேர்வதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. யார் எடுத்தார், யார் கட்டவில்லை என்று உங்களுக்குத் தெரியவே வராது.

பிலிப்பைன்ஸ்காரர்கள் பாலிக்பாயன் என்று ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் மாதக்கணக்காகச் சாமான் சேர்த்துக் கப்பலில் அனுப்புவார்கள். பெட்டி போய்ச்சேர வாரங்கள், சில நேரம் மாதங்களும் ஆகும். அதில் பின்பற்ற வேண்டியது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பொட்டலம் கட்டிப் பெயர் எழுதுவது. அம்மா என்னை நினைத்தா வாங்கினாங்க என்று பிள்ளை தொட்டுப் பார்க்க முடிகிறது. பிள்ளையின் கால் அளவை ஒரு காகிதத்தில் வரைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சப்பாத்து அளவு தப்பாது.

பேசும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறியுங்கள். அட்டனில் இரவு 7 மணி என்றால் டுபாயில் மாலை 5.30, குவைத்திலும் சவூதியிலும் 4.30. இஸ்ரேலிலும் சைப்பிரஸிலும் கோடையில் 4.30, குளிர்காலத்தில் 3.30. நோயாளியின் இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம் பெரும்பாலும் கை ஓய்ந்திருக்கும். அமீரகத்தில் வட்ஸ்அப் வழியாகப் பேசும் அழைப்புகள் நீண்டகாலமாக முடக்கப்பட்டிருக்கின்றன, எழுத்தும் குரல்பதிவும் போகும். அழைப்புக்கு பொட்டிம் போன்ற அனுமதிபெற்ற செயலியை ஊரிலேயே இரண்டு போனிலும் ஏற்றிப் பழகுங்கள். சிக்னல் கிடைக்காத பள்ளத்து லயங்களில் பிள்ளைகள் இருட்டில் மேட்டு ரோட்டுக்கு ஏறி நின்று பேசுவதை அனுமதிக்காதீர்கள். குரல்பதிவு அனுப்புங்கள், சிக்னல் வரும்போது கேட்டுக்கொள்வார்கள். அழைப்பில் பாடம் கேட்டுத் திட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளை போனுக்கு வராது. இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், யாரோடு விளையாடினாய், அதைக் கேளுங்கள்.

வழிபாடு

நத்தாருக்கு முன் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கருக்கு விடமுடியாத ஒன்று. சிம்பாங் காபி என்பார்கள். வேலைக்குப் போன நாடுகளிலும் அதைக் கொண்டாடுகிறார்கள், பல இடங்களில் வேலைநேரத்துக்காக மாலையில் வைக்கிறார்கள். அதற்கான நேரத்தை டிசம்பரில் போய்க் கேட்டால் கிடைக்காது, முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தைப்பூசம், சிவராத்திரி, பெரிய வெள்ளி, ஆடி, தீபாவளி, நத்தார், நோன்புப் பெருநாள் எது உங்களுக்கு வேண்டுமோ அதை வீட்டு நாட்காட்டியில் குறித்துக் காட்டி, அந்த நாளில் யார் நோயாளியைப் பார்ப்பது என்றும் சேர்த்துப் பேசுங்கள். மாற்று ஆளோடு கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும். இஸ்ரேலில் ஞாயிறு வேலை நாள். வெள்ளி மாலை தொடங்கிச் சனி மாலை முடியும் ஓய்வுநாளை ஒட்டித்தான் விடுமுறை அமையும். அதனால் யாப்பாவின் புனித அந்தோனியார் ஆலயம் போன்ற இடங்களில் பிலிப்பைன்ஸ்காரர்கள் சனிக்கிழமையே கூடுகிறார்கள். டுபாயில் புனித மரியாள் ஆலயம் உண்டு, 2022இல் ஜெபல் அலியில் இந்துக் கோயிலும் திறந்தார்கள். சவூதி அரேபியாவில் வேறு மதத்தவருக்குப் பொது வழிபாட்டு இடம் கிடையாது. அங்கே போகிறவர்கள் ஜெபத்தையும் தேவாரத்தையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தயாராகப் போக வேண்டும். சாமிப்படம் எங்கே வைக்கலாம், திருநீறு பூசலாமா என்பதை எந்த நாட்டிலும் வீட்டாரிடம் கேட்டுச் செய்யுங்கள். விரதம் பிடிப்பவர்கள் தூக்கிப் புரட்டும் வேலை உள்ள நாளில் முழுப்பட்டினி இருக்க வேண்டாம். பாலும் பழமும் எடுங்கள். நீங்கள் மயங்கினால் நோயாளியும் விழுவார்.

நோயாளியின் மதத்தை மதிப்பதும் வேலையின் பாகம்தான். யூத வீட்டுச் சமையலறையில் இறைச்சிக்கும் பாலுக்கும் பாத்திரம், கரண்டி, கழுவும் துணி எல்லாம் வேறு வேறு. முதல் நாளே எது எதற்கு என்று காட்டச் சொல்லி, அலுமாரிக் கதவில் அடையாளம் ஒட்டுங்கள். ஓய்வுநாளில் எந்த லைட்டைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கேட்டு வையுங்கள். உயிர் ஆபத்தென்றால் அந்த நாளிலும் அம்புலன்ஸைக் கூப்பிட அவர்கள் மதமே இடம் கொடுக்கிறது, தயங்க வேண்டாம். முஸ்லிம் வீட்டில் ஊட்டுவது வலது கையால். தொழுகை நேரத்துக்கு முன் கை, முகம், கால் கழுவ உதவி, உடையும் விரிப்பும் நனையாமல் சுத்தமாக இருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் இன்சுலின் போடும் முதியவர் நோன்பு பிடிக்கிறேன் என்றால் நீங்களாக முடிவெடுக்காமல் அன்றே பிள்ளைகளுக்கும் மருத்துவருக்கும் சொல்லுங்கள். அவர்கள் கும்பிடும் நேரத்தில் பக்கத்தில் அமைதியாக நில்லுங்கள், உங்கள் மதத்தைப் பற்றிப் பேசி இழுக்காதீர்கள்.

அங்கே இருக்கும் காலம்

அவசர அம்புலன்ஸ் இலக்கத்தைப் போனின் பின்பக்கம் ஒட்டுங்கள்: இஸ்ரேல் 101, சவூதி 997, அமீரகம் 998, குவைத்திலும் சைப்பிரஸிலும் 112. வீட்டு முகவரியை அந்த ஊர் மொழியில் எழுதி வாங்கி அதன் கீழே ஒட்டுங்கள். பதற்றத்தில் தெருப் பெயர் வாயில் வராது.

இரவில் பலமுறை எழும்பும் நோயாளி என்றால் பகலில் இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து தூங்க நேரம் கேளுங்கள். தூக்கம் கெட்ட மூன்றாம் வாரத்தில்தான் மருந்து மாறிப்போகும். மறதி நோய் உள்ளவர் மாலையானால் அதிகம் குழம்புவார், வீட்டுக்குப் போகணும் என்று கதவைத் தட்டுவார். இதுதான் உங்கள் வீடு என்று வாதாடினால் அடிக்கவும் வருவார். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிக் கூட்டிவாருங்கள், லைட்டை வெளிச்சமாகப் போடுங்கள்.

கடவுச்சீட்டைப் பறித்து வைப்பது, சம்பளத்தை நிறுத்துவது, தொடக் கூடாத இடத்தில் தொடுவது, இவற்றில் எதையும் பொறுத்துப் போக வேண்டியதில்லை. நாள், நேரம் எழுதி, ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி, தூதரகத்துக்கும் பணியகத்துக்கும் சொல்லுங்கள். குடும்பத்துக்காகத்தானே என்று மறைத்து வைத்தவர்கள்தான் அதிகம் உடைந்து திரும்புகிறார்கள்.

ஒருநாள் நோயாளி இறப்பார். மூச்சு நின்ற நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள், குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் சொல்லுங்கள். யூதரும் முஸ்லிம்களும் உடலைக் கழுவுவதற்குத் தங்கள் முறையும் தங்கள் ஆட்களும் வைத்திருக்கிறார்கள், அதனால் கேட்காமல் நீங்கள் குளிப்பாட்டவோ உடை மாற்றவோ வேண்டாம். கண்ணை மூடி, ஒரு துணியால் மூடி, பக்கத்தில் இருங்கள். அழுகை வந்தால் அழுங்கள், வருடக்கணக்கில் ஊட்டிய கை அது. அடுத்த நாள் வேறு வேலை இருக்கிறது. மீதிச் சம்பளம், எடுக்காத விடுமுறைக்கான பணம், சேவைக்கொடை இருந்தால் அது, மூன்றையும் தனித்தனியாக எழுதி வீட்டாரிடம் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் விசா அந்த நோயாளியின் பெயரோடு கட்டப்பட்டதா, புதிய வீடு தேட எத்தனை நாள் இருக்கிறது என்று ஏஜென்சியிடம் அன்றே எழுத்தில் கேளுங்கள். நற்சான்றுக் கடிதத்தையும் அந்த வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகள் கிளம்பிவிட்டால் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது.